3.08-ஆ, 3.42-ஆ? டயரையும் பின் அச்சையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

கேள்வி: டெக்சஸ் ஆஸ்டினில் இருக்கிறேன். பழைய பிக்கப் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 2016 செவர்லே சில்வராடோ 1500 எல்டி, க்ரூ கேப், 5.3 லிட்டர் வி8, 6 கியர் ஆட்டோமேட்டிக், 4×4, 265/65ஆர்18 டயர். ஒன்றில் பின் அச்சு விகிதம் 3.08, மற்றதில் 3.42. 3.08 வண்டி 2,000 டாலர் மலிவு, ஓடிய மைலும் குறைவு. கோடை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கொலராடோ மலைப்பக்கம் டிராவல் டிரெய்லர் (படுத்துத் தூங்க வசதியுள்ள சக்கர வீடு) இழுத்துப் போக ஆசை. நாங்கள் பார்த்திருக்கும் டிரெய்லர் காலியாக 5,400 பவுண்டு. மற்ற நாட்களில் ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம்தான். பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்பதும் உண்மை. நண்பர் ஒருவர், "மலிவான வண்டியை வாங்கு, 35 இஞ்ச் டயர் போடு, பிறகு 4.10 கியர் மாற்றிக்கொள், மலையே ஏறும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 3.42 வண்டியை வாங்குங்கள். டயரை 275/65ஆர்18-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கியர் மாற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 35 இஞ்ச்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் அதுவும் தவறில்லை, ஆனால் அந்த வண்டியில் டிரெய்லர் வேண்டாம்.

டயர் எது என்று ஒரு கேள்வி, அச்சு எது என்று இன்னொரு கேள்வி எனத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பட்டறைக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறார்கள். டயர் கடையில் ஒரு நாள் முடிவு எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து "வண்டி இழுவையே இல்லை" என்று இங்கே வருவார்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். டயரை மாற்றினாலே அச்சு விகிதத்தை மாற்றியது போலத்தான், அச்சைத் திறக்காவிட்டாலும்.

பின் அச்சுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. கிரவுனில் 41 பல், பினியனில் 12 பல் என்றால் 41-ஐ 12-ஆல் வகுத்து 3.42. அதாவது கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.42 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியனில் 11 பல் என்றால் 3.73, 10 பல் என்றால் 4.10. எண் பெரிதானால் சக்கரத்தில் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும். எண் சிறிதானால் நேர்மாறு.

இனி டயர். 265/65ஆர்18 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 இஞ்ச். பக்கச்சுவர் 172 மில்லிமீட்டர் வருகிறது. மேலே ஒன்று கீழே ஒன்று கூட்டி, ரிம்மின் 457-ஐச் சேர்த்தால் 802 மில்லிமீட்டர், அதாவது 31.6 இஞ்ச் உயரம். 275/65ஆர்18 போட்டால் 32.1 இஞ்ச். பலரும் "33" என்று சொல்லும் 275/70ஆர்18 உண்மையில் 33.2 இஞ்ச். 35 என்று விற்கும் டயர் பெரும்பாலும் 34.5-க்கும் 35-க்கும் நடுவில் எங்கோ நிற்கும், கணக்குக்கு 34.8 என்று வைத்துக்கொள்கிறேன்.

பழைய டயர் உயரத்தைப் புதிய டயர் உயரத்தால் வகுத்து அச்சு விகிதத்தோடு பெருக்கினால், வண்டி நடைமுறையில் எந்த விகிதத்தில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். 3.08 வண்டியில் 33.2 இஞ்ச் போட்டால் அது 2.93 ஆகிவிடுகிறது. 35 போட்டால் 2.80. எந்தத் தொழிற்சாலையும் இந்த எடையுள்ள வண்டியை இந்த இன்ஜினோடு 2.80 அச்சில் அனுப்பாது. 3.42 வண்டியில் 275/65ஆர்18 போட்டால் 3.37, இழப்பு ஒன்றரை சதவீதம்தான், உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் நண்பர் சொல்லும் 35 இஞ்ச்சும் 4.10-உம் சேர்ந்தால் நடைமுறை விகிதம் 3.72. இழுவை என்ற அளவில் மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு என்ன விலை என்று பாருங்கள். உங்களுடையது 4×4. பின் அச்சில் 4.10 போட்டால் முன் அச்சிலும் 4.10 போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 4×4 போட்ட மறுநிமிடம் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து, இரண்டு அச்சுக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கிவிடும். ஆக இரண்டு செட் பல்சக்கரம், இரண்டு செட் பேரிங், இரண்டு முறை கூலி. 35 டயர் உள்ளே உட்கார வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் தனி. நான்கு டயரின் விலை அதற்கு மேல். வண்டி வாங்கும்போது மிச்சப்படுத்திய 2,000 டாலர் கியர் வேலைக்கே போதாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, "இழுக்க வேண்டுமென்றால் 4.10" என்று ஏன் ஊரெல்லாம் சொல்கிறார்கள்? அது பொய்யான அறிவுரை இல்லை, காலாவதியான அறிவுரை. உங்கள் வண்டிக்குப் பத்துப் பதினைந்து வருடம் முந்தைய சில்வராடோக்களில் பெரும்பாலும் இருந்தது 4 கியர் பெட்டி. அதில் முதல் கியர் 3.06, கடைசி கியர் 0.70. நீங்கள் பார்க்கும் வண்டியின் 6 கியர் பெட்டியில் முதல் கியர் 4.03, கடைசி 0.67. பெருக்கிப் பாருங்கள். பழைய பெட்டியோடு 4.10 அச்சு: 3.06-ஐ 4.10-ஆல் பெருக்க 12.5. புதிய பெட்டியோடு வெறும் 3.08 அச்சு: 4.03-ஐ 3.08-ஆல் பெருக்க 12.4. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பழைய வண்டியின் 4.10-உம் இந்த வண்டியின் 3.08-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான்! 2017-இல் ஃபோர்டு எஃப்-150-க்கு வந்த 10 கியர் பெட்டியில் முதல் கியர் 4.69, அதோடு 3.31 அச்சு சேர்ந்தாலே 15.5 வந்துவிடுகிறது. பெட்டியில் கியர் கூடக் கூட, பின் அச்சின் எண்ணுக்கு இருந்த மவுசு குறைந்துகொண்டே வருகிறது. இதைச் சொல்லாமல் அச்சு எண்ணை மட்டும் வைத்து வண்டிக்கு வண்டி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

"அப்படியானால் 3.08 போதுமே, ஏன் 3.42 வாங்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். தனியாக ஓட்டுவதற்கு 3.08 போதும், நல்ல அச்சும்கூட. ஆஸ்டினிலிருந்து டாலஸுக்கு 70 மைல் வேகத்தில், ஆறாவது கியரில், இன்ஜின் 1,540 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) சொகுசாக ஓடும். பாதி சிலிண்டரை அணைத்துக்கொண்டு வி4 ஆகவும் அடிக்கடி மாறும். 3.42-இல் அதே இடத்தில் 1,700. வித்தியாசம் அவ்வளவுதான். டிரெய்லரை மாட்டிய பிறகுதான் கதை வேறு.

இழுவைத் திறனை விளம்பரப்படுத்த நிறுவனங்கள் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. 2011 மாடல் டொயோட்டா டன்ட்ராதான் அதற்கு முதலில் உட்பட்ட பிக்கப். மற்றப் பெரிய நிறுவனங்கள் 2015 மாடல் வாக்கில் வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் டாம் ஏற்றம் என்று 11.4 மைல் நீளத்துக்கு ஒரு சாலை உண்டு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டு, டிரெய்லரோடு அதில் 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்று ஐந்து நிமிடத்துக்குள் முன்னோக்கி ஐந்து முறை, பின்னோக்கி ஐந்து முறை கிளம்பிக் காட்டவும் வேண்டும். இந்தச் சோதனைகளில்தான் அச்சு விகிதம் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு வண்டிக்கும் இன்ஜின், கியர் பெட்டி, அடிச்சட்டம் எல்லாம் ஒன்றாக இருந்தும், செவர்லே கொடுத்த இழுவை வரம்பில் ஏறத்தாழ 3,000 பவுண்டு வித்தியாசம். 3.08-க்கு 6,000 சொச்சம், 3.42-க்கு 9,000 சொச்சம்.

டிரெய்லர் 5,400 தானே, 6,000-க்குள் அடங்குகிறதே என்று நினைத்துவிடாதீர்கள். அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த எடை. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் நிரப்பினால் 330. கேஸ் சிலிண்டர், பேட்டரி, படுக்கை, குக்கர், இட்லி அரிசி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள் என்று ஏற்றிப் பார்த்தால் 6,500-இல் போய் நிற்கும். 3.08 வண்டிக்கு அது வரம்பிலோ வரம்பைத் தாண்டியோ இருக்கும். 3.42 வண்டிக்கு முக்கால் பங்குகூட இல்லை. வாங்கும் வண்டியின் சரியான வரம்பை அந்த வருடத்து டிரெய்லர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேப், பின்பெட்டி நீளம், 4×4 என்று ஒவ்வொன்றுக்கும் மாறும்.

இன்னொன்று. 3.08 வண்டியில் நாளைக்கே 3.73 பல்சக்கரம் மாட்டினாலும், காகிதத்தில் அதன் இழுவை வரம்பு மாறாது. நிறுவனம் 3.73 தரும் மேக்ஸ் டிரெய்லரிங் தொகுப்பில் பல்சக்கரம் மட்டும் வருவதில்லை. பெரிய பின் அச்சு, கெட்டியான ஸ்பிரிங், கூடுதல் குளிர்விப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. பட்டறையில் பல்சக்கரம் மாற்றினால் ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும், மற்றவை அப்படியேதான் இருக்கும்.

இனி மலைக்கு வருவோம், இங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆஸ்டினிலிருந்து அமரில்லோ வழியாகப் போனால் நியூ மெக்சிகோ எல்லையில் 7,834 அடி உயர ராட்டன் கணவாய் முதல் சோதனை. டென்வரைத் தாண்டி ஐ-70-இல் மேற்கே போனால் ஐசன்ஹோவர் சுரங்கம், 11,158 அடி. அங்கே ஏற்றம் சில இடங்களில் 7 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும். கடல் மட்டத்தில் 355 குதிரைத்திறன் தரும் உங்கள் 5.3, சுரங்க வாயில் பக்கம் ஏறத்தாழ 240-க்கு வந்துவிடும். அந்த 240-உம் 5,600 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும்.

வண்டி, குடும்பம், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 12,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத ஏற்றத்தில் 50 மைல் வேகத்தைத் தக்கவைக்க, ஏற்றத்துக்கு மட்டுமே 117 குதிரைத்திறன். காற்றும் டயர் உருளலும் இன்னொரு 45–50. அச்சிலும் பெட்டியிலும் தொலைவதைச் சேர்த்தால் இன்ஜின் தர வேண்டியது சுமார் 190. இந்த வேகத்தில் பெட்டி இரண்டாம் கியருக்கு (2.36) வந்துவிடும். இரண்டாம் கியரில் இன்ஜின் எத்தனை சுற்றில் இருக்கும், அந்த உயரத்தில் அப்போது எவ்வளவு தரும் என்று என் கணக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் முன்பின் இருக்கும், வரிசை மாறாது.

3.08-உம் 35 டயரும்: 3,500 ஆர்பிஎம், சுமார் 170 குதிரைத்திறன். போதாது. 3.08-உம் 33-உம்: 3,680 ஆர்பிஎம், சுமார் 180. அதுவும் போதாது. 3.08-உம் பழைய டயரும்: 3,860, ஏறக்குறைய 190. நூல் பிடித்தாற்போல் தாக்குப்பிடிக்கும். 3.42-உம் 275/65ஆர்18-உம்: 4,230, சுமார் 210. மூச்சு விட இடம் இருக்கிறது.

போதாதபோது என்ன ஆகும்? பெட்டி இன்னும் ஒரு கியர் இறங்கப் பார்க்கும். ஆனால் 50 மைலில் முதல் கியர் போட்டால் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்முக்குப் போய்விடும், சிவப்புக் கோட்டுக்கே. அதனால் இறங்காது. வேகம் 45, 40 என்று சரிந்து, முதல் கியர் பிடிக்கும் இடத்துக்கு வந்த பிறகு, அலறிக்கொண்டு ஊர்ந்து போகும். பின்னால் வரிசை கட்டி நிற்பவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான். இழுவை என்பது அச்சு எண்ணில் இல்லை, தேவையான நேரத்தில் இன்ஜினை அதன் பலமுள்ள சுற்றில் நிறுத்த ஒரு கியர் கையில் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. பெரிய டயர் அந்தக் கியரைப் பிடுங்கிவிடுகிறது.

சமவெளியிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. டிரெய்லரின் தட்டை முகம் காற்றை வாங்கும்போது ஆறாவது கியரின் 1,500 ஆர்பிஎம் எந்த டயரோடும் போதாது. பெட்டி ஐந்துக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் சூடு ஏறும். இழுவைக்கு ஏற்றபடி கியர் மாற வைக்கும் டோ/ஹால் பட்டனை அழுத்திவிட்டு 65 மைலில் நிதானமாகப் போவது இதற்குப் பாதி மருந்து. எத்தனையோ டிரெய்லர் டயர்களின் வேக வரம்பும் அந்த 65 தான் என்பதையும் கவனியுங்கள்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை இறங்குவதில். சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும் சரிவில், பிரேக் போன லாரிகளைப் பிடிப்பதற்கென்றே ஓரத்தில் சரளை மேடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே டிரெய்லர் உங்களை முன்னோக்கித் தள்ளும். இன்ஜினால் பிடித்து நிறுத்தும் பலமும் அதே பல்சக்கரங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது, 3.08-ஐ 2.80 ஆக்கினால் ஏற்றத்தில் போன இழுவை அளவுக்கே இறக்கத்தில் பிடிமானமும் போகும். பிரேக் டிஸ்க் அதே அளவு, டயர் மட்டும் பெரிது என்றால் பிரேக்கும் அந்த விகிதத்துக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். கனமான டயர் சுழலும்போது சேரும் எடை இதற்கு மேல். டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இல்லாமல் இந்தப் பயணத்தை யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பெரும்பாலும் இதில்தான் முதலில் முட்டும்: சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கம்பத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் பொருளும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அந்த வண்டிக்கென்றே அச்சிட்டிருப்பார்கள். டிரெய்லரின் மூக்கு எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம், வண்டியின் முதுகில் உட்காரும். 6,500-க்கு 12 சதவீதம் வைத்தால் 780. எடை பகிரும் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) 80 சொச்சம். நான்கு பேர் 550. பின்பெட்டியில் விறகு, பெட்டி, படுக்கை என்று 150. கூட்டினால் 1,560. ஸ்டிக்கரில் 1,600-க்குக் குறைவாக எழுதியிருந்தால் அச்சு விகிதம் எதுவாக இருந்தாலும் இந்த டிரெய்லர் இந்த வண்டிக்குப் பெரிது. லிஃப்ட் கிட், கனமான டயர், ஸ்டீல் பம்பர் எல்லாம் அந்த எண்ணைத்தான் தின்னும். இரண்டு வண்டியின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் வகையைப் பற்றிக் கொஞ்சம். மண்சாலை, பாறை என்று போகும் எண்ணம் உங்கள் கடிதத்தில் இல்லை. அப்படியானால் 275/65ஆர்18 அளவில் சாதாரண பி வகை (பயணிகள் வண்டி) டயரே போதும். வண்டி மிருதுவாகப் போகும். டிரெய்லர் மாட்டும்போது பின்புறம் அலைவது பிடிக்கவில்லை என்றால் அதே அளவில் எல்டி (லைட் டிரக்) வகை வாங்குங்கள், பக்கச்சுவர் கெட்டி. ஆனால் எல்டி டயரில் காற்று அதிகம் வைக்க வேண்டும். கதவு ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ என்று இருக்கிறதே என்று அதையே வைத்தால், அதே சுமைக்கு எல்டி டயர் காற்றுக் குறைவாகத்தான் ஓடும். பெரும்பாலும் 40-க்கு மேல் வரும். டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து வையுங்கள். எல்டி டயர் ஒவ்வொன்றும் பழையதைவிட 10–15 பவுண்டு கூட இருக்கலாம். 33-க்குப் போனால் இதோடு, ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஃபெண்டர் லைனரில் உரசும் வாய்ப்பும் சேரும். அதற்கு முன்பக்கம் உயர்த்தும் லெவலிங் கிட் போடுவார்கள். டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் தாழ்ந்து வண்டி ஆகாயத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும்.

ஸ்பீடோமீட்டர்: 275/65-க்குப் பிழை ஒன்றரை சதவீதம், விட்டுவிடலாம். 33-க்கு 5 சதவீதம். மீட்டர் 70 காட்டினால் நிஜத்தில் 73.5. ஓடிய மைலையும் அதே அளவு குறைத்தே காட்டும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த 5 சதவீதத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. 33-க்குப் போனாலோ கியரை மாற்றினாலோ இன்ஜின் கம்ப்யூட்டரில் டயர் அளவையும் அச்சு விகிதத்தையும் திருத்தி எழுதியே ஆக வேண்டும். பெட்டி எப்போது கியர் மாற்றுவது என்று அந்த எண்களை வைத்துத்தான் தீர்மானிக்கிறது.

பின்னொரு நாள் கியர் மாற்றும் ஆசை வந்தால், 3.42 வண்டியில் 33 டயர் போட்டு 3.73 மாற்றுவது நியாயமான ஜோடி; நடைமுறையில் 3.55 வரும். வேலையைத் தெரிந்த கையிடம் மட்டும் கொடுங்கள். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது, பேரிங்குக்கு எவ்வளவு இறுக்கம், இரண்டு பல்லுக்கும் நடுவே இஞ்ச்சில் ஆயிரத்தில் எத்தனை பங்கு இடைவெளி என்று அளந்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, பற்கள் தொடும் தடம் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் வேலை அது. அவசரமாகச் செய்தால் 50 மைல் வேகத்தில் ஊளையிடத் தொடங்கும், அந்தச் சத்தம் பிறகு போகவே போகாது. புதுப் பல்லுக்கு முதல் சில ஓட்டங்கள் 15–20 மைலோடு நிறுத்தி ஆற விட வேண்டும். 500 மைல் வரை டிரெய்லர் கூடாது. அப்போது ஆயிலை மாற்ற வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் கியர் மாற்றிக்கொண்டு நேராக மலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் எரிப்பது தங்கள் காசைத்தான்.

விற்பவர் 3.42 என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். கையுறைப் பெட்டிக்குள் மூன்று மூன்று எழுத்தாகக் குறியீடுகள் நிறைந்த வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜியு4 என்றால் 3.08, ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73. ஜி80 என்றும் இருந்தால் பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, அதாவது ஒரு பின் சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும். ஈரப்புல் முகாமிலிருந்து டிரெய்லரை வெளியே இழுக்கும்போது அதன் அருமை தெரியும். ஸ்டிக்கரைக் கிழித்திருந்தால் ஓட்டிப் பாருங்கள். பழைய அளவு டயரோடு, சமதளத்தில், ஆறாவது கியரில் சரியாக 60 மைல். டாகோமீட்டர் 1,300-ஐ ஒட்டி நின்றால் 3.08, 1,450-ஐத் தாண்டினால் 3.42. சரிபார்க்கச் சூத்திரம் வேண்டுமென்றால்: மைல் வேகம், அச்சு விகிதம், கியர் விகிதம், 336 ஆகிய நான்கையும் பெருக்கி டயர் உயரத்தின் இஞ்ச்சால் வகுத்தால் ஆர்பிஎம். எந்தப் பிக்கப்புக்கும் பொருந்தும்.

அப்படியே பின் அச்சு ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், ரசீது இருந்தால் வாங்குங்கள். டிரெய்லர் இழுத்த வண்டியா என்பதை ஹிட்ச் குழாயின் உள்பக்கத் தேய்மானம் சொல்லிவிடும். அடியில் குனிந்து பினியன் சீல் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஓட்டும்போது 45–55 மைலில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து ஒரு ஊளை ஏறி இறங்கினால், 3.42 ஆனாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு இன்னொன்று தேடுங்கள்.